அம்பத்தூர்ப் பேகன்

கத்திரி வெயிலில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு நடுங்கும் மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பதினோரு வருஷம் பார்த்தேன். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு டேட்டா சென்டர். பெயர் சொல்ல மாட்டேன். வள்ளல்களுக்கு விளம்பரம் பிடிக்காது. வெளியே ரோட்டில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும். உள்ளே, சர்வர் கூடத்து வாசலில், செக்யூரிட்டி அண்ணன் காது மறையக் குல்லாவை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "வா தம்பி, ஊட்டிக்கு டிக்கெட் எடுத்துட்டியா?" என்பார்.

இந்தச் சுகத்துக்கெல்லாம் காரணம் எங்கள் மேனேஜர் ஐயா. அவர் புகழைப் பாட இதுவரை யாரும் வாய்க்கவில்லை. அவரிடம் ஏசி பார்த்துப் பிழைத்தவன் என்கிற உரிமையில் நானே பாடிவிடுகிறேன்.

எனக்கு ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்கு ஒட்டினாற்போல இருக்கும் தறிக்கார ஊர். ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடிய புண்ணியத்தில் 1960 ஏப்ரல் 1-ம் தேதி எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்தது. எல்லைக்கல் நட்டவர்கள் வெயிலைப் பங்கு பிரிக்க மட்டும் மறந்துவிட்டார்கள் போல. முழுசும் எங்களுக்கே வந்துவிட்டது. நூறு டிகிரி தாண்டிய ஊர்கள் என்று வானிலைச் செய்தி வாசிக்கும்போது திருத்தணி பெயர் வராத கோடை எனக்கு நினைவில்லை. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துத் திருத்தணி, அங்கே ரயிலைப் பிடித்து அம்பத்தூர். இப்படி நாற்பது டிகிரி ஊரிலிருந்து கிளம்பி மூன்று மணி நேரத்தில் பதினேழுக்குப் போய்ச் சேருவேன்.

பதினேழு என்பது ஐயா ஏசியில் வைத்திருந்த டிகிரி. சர்வருக்கு அவ்வளவு குளிர் வேண்டுமா என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் ஆஷ்ரே என்று குளிரூட்டும் பொறியாளர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. சர்வருக்குள் போகிற காற்று 18-லிருந்து 27 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்று 2008-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். சர்வர் செய்து விற்கிற கம்பெனிகளும் அதை ஒப்புக்கொண்டுதான் விற்கின்றன. அதெல்லாம் கணக்குப் பார்க்கிற கஞ்சர்கள் பேச்சு. வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தானே, மயில் கேட்டா கொடுத்தான்? அது ஆடுகிறதா, குளிரில் நடுங்குகிறதா என்று நின்று விசாரித்தானா? எங்கள் ஐயாவும் அதே பரம்பரை. ராக் என்கிற அலமாரியில் சர்வர் "உம்ம்" என்று இரைகிறது. ஐயோ பாவம், வியர்க்கிறதோ என்று இன்னொரு டிகிரி குறைத்துவிடுவார். பேகனாவது ஒரு போர்வையோடு நிறுத்திக்கொண்டான்.

ஐயாவின் கொடைத்திறம் புரிய வேண்டுமானால் அந்தக் கூடத்தில் காற்று போய்வரும் வழி தெரிய வேண்டும். சர்வர் என்பது வீடு மாதிரி. அதற்கு முன்னால் வாசல், பின்னால் கொல்லை. வாசல் வழியாகக் குளிர்ந்த காற்றை இழுக்கும். உள்ளே சூட்டை வாங்கிக்கொண்டு காற்று கொல்லை வழியாக வெளியே போகும். ஆகவே ராக்குகளைத் தெரு மாதிரி வாசலுக்கு வாசல் எதிரெதிராக நிறுத்த வேண்டும். அந்தத் தெருவில் குளிர்க்காற்றை விட வேண்டும். கொல்லைக்குக் கொல்லை பார்த்த சந்தில் சூடு சேரும். அதை ஏசி திரும்ப இழுத்துக்கொள்ளும். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் சல்லிவன் என்பவர் 1992-ல் கண்டு சொன்ன ஏற்பாடு இது. கோல்ட் ஐல், ஹாட் ஐல் என்பார்கள். எங்கள் ஊரில் வீடு கட்டத் தெரிந்த எந்தக் கொத்தனாரும் இதை 1992-க்கு முன்பே சொல்லியிருப்பார். அடுப்படிப் புகையை எதிர்வீட்டுத் திண்ணையில் விட்டால் சண்டை வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஐயாவுக்கு வாசல், கொல்லை என்கிற பேதம் கிடையாது. அவர் சமத்துவவாதி. நாலாம் வரிசையில் ஆறு ராக்கைத் திருப்பி வைத்திருந்தார். மூன்றாம் வரிசைக்காரன் விட்ட அனல் நேராக நாலாம் வரிசைக்காரன் முகத்தில் அடிக்கும். நாலாம் வரிசைக்காரன் அதையே இழுத்து, இன்னும் கொஞ்சம் சூடேற்றி, ஐந்தாம் வரிசைக்குக் கொடுப்பான். அண்டை அயலாரோடு பகிர்ந்து உண்ணும் பண்பாடு.

காலி இடங்களின்மேல் அவருக்கிருந்த கருணை இன்னும் பெரிது. ஒரு ராக்கில் 42 தட்டு. தட்டு ஒன்று ஒன்றே முக்கால் அங்குலம். எல்லாத் தட்டிலும் சர்வர் இருக்காது. காலித் தட்டுகளைத் தகடு வைத்து மூட வேண்டும். பிளாங்கிங் பேனல் என்று பெயர்; ஒன்று வாங்க ஒரு பிரியாணிப் பொட்டலத்துக் காசு ஆகும். மூடாவிட்டால், பின்னால் போன சூடு அந்த ஓட்டை வழியாகவே முன்னால் வந்து, சர்வருக்குள் மறுபடி நுழையும். குளிர்க்காற்றோ எந்தச் சர்வரையும் தொடாமல் அதே ஓட்டை வழியாக நடந்து, ஏசிக்கே திரும்பிப் போய், "போய்ட்டு வந்தேன்" என்று கையெழுத்துப் போடும். ஐயா ஒரு தட்டையும் மூடியதில்லை. காலித் தட்டுக்கும் புழுங்கத்தானே செய்யும் என்பது அவர் நினைப்பு.

அடுத்தது டைல். கூடத்துக்குப் பொய்த்தளம் போட்டிருப்பார்கள். அடியில் இரண்டடிக்கு வெற்றிடம். ஏசி குளிர்க்காற்றை அதற்குள் தள்ளும். துளை போட்ட டைல் வழியாகக் காற்று மேலே வரும். துளை டைல் வாசல் தெருவில் மட்டும் இருக்க வேண்டும். ஐயா கொல்லைச் சந்திலும் வைத்தார், நடைபாதையிலும் வைத்தார். தம் மேசைக்கடியில் ஒன்று வைத்துப் பார்த்து, கால் மரத்துப்போகிறது என்று அதை மட்டும் எடுத்துவிட்டார். தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனசு.

இங்கேதான் நான் ஒரு பாவம் செய்தேன்.

நான் தறிக்கூடத்தில் பிறந்தவன். காற்றை எங்களுக்கு நூல் காட்டிக் கொடுக்கும். பாவு வறண்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் பாவை வீதியில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவதும், குழித்தறிக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளித்து வைப்பதும் அதனால்தான். எந்த ஜன்னலைத் திறந்தால் எந்தப் பக்கம் இழை ஆடும் என்று பெரியம்மா பார்க்காமலே சொல்லுவாள். மேல்காற்று அடிக்கிற மாசத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுவிடுவாள். அவள் காற்றைப் பற்றி ஒரு புத்தகமும் படித்ததில்லை. அறுந்த இழைக்குக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் அவள் படித்த பாடம்.

அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் ஊரிலிருந்து கழிவு நூல் ஒரு சிட்டிகை கொண்டுபோனேன். ஒரு குச்சி நுனியில் முடிந்து, ஒவ்வொரு டைலுக்கு மேலேயும் பிடித்துப் பார்த்தேன். தூரத்து டைலில் நூல் நிமிர்ந்து நின்று ஆடியது. நடுவில் இருந்த டைல்களில் சோம்பேறித்தனமாக அசைந்தது. ஏசிக்கு முன்னால், இரண்டடி தள்ளி இருந்த டைலில் பிடித்தேன். நூல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு துளைக்குள்ளே போய்விட்டது. அங்கே காற்று மேலே வரவே இல்லை; கூடத்துக் காற்றை டைல் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. ஏசியிலிருந்து காற்று பாய்ந்து வரும் இடத்தில் தளத்துக்கடியில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அதனால் மேலிருந்து உறிஞ்சும். இருக்கிற டைலிலேயே ஏசிக்கு மிக அருகில் இருந்த டைலை நம்பி, கூடத்திலேயே பெரிய சர்வரை அதன் எதிரில்தான் நிறுத்தியிருந்தார்கள்.

ஓடிப்போய் ஐயாவைக் கூட்டி வந்து காட்டினேன். குச்சியையும் நூலையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னப்பா இது, கோடிக்கணக்கில் மெஷின் வச்சிருக்கோம், நூலைக் கட்டிக்கிட்டுப் பார்க்கறே?" என்றார்.

"சார், அந்த டைலை எடுத்து அந்தாண்ட வரிசையில போட்டா..."

"டைலை எடுத்தா குளிர் குறையாதா?"

குளிர் குறையாதா என்று கேட்கிறார்! எத்தனை மேனேஜர்களுக்கு அந்தக் கவலை வரும்? நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரிய சர்வர் மறு வாரமே சூடு தாங்காமல் அலாரம் அடித்தது. ராக்கின் உச்சித் தட்டில் 34 டிகிரி. கூடத்து மற்ற இடமெல்லாம் மார்கழி. அந்த ஒரு மூலையில் மட்டும் ஆடிக் காற்று இல்லாத ஆனி. ஐயா வந்தார், பார்த்தார், செட் பாயின்ட்டை 20-லிருந்து 19 ஆக்கினார். அலாரம் நிற்கவில்லை. 18. நிற்கவில்லை. 17. ஒருவனுக்குத் தலைவலி என்றால் ஊர் முழுக்க எல்லோர் காலிலும் பத்துப் போடுகிற வைத்தியரைப் பார்த்திருக்கிறீர்களா? அப்பேர்ப்பட்ட சமூகப் பார்வை. பிறகு அலாரத்தின் அளவை 34-லிருந்து 38-க்கு ஏற்றினார். அன்றோடு அலாரம் நின்றது.

அவரை மட்டும் தனியாகப் புகழ்வது நியாயமில்லை. அப்டைம் இன்ஸ்டிட்யூட் என்கிற அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் 19 கணினிக் கூடங்களை அளந்து பார்த்தது. தேவைப்பட்டதைப் போல் 2.6 மடங்கு குளிர் எந்திரம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது; அப்படியும் பத்தில் ஒரு ராக் சூட்டில் வெந்தது. குளிரில் பாதிக்கு மேல் சர்வரைப் பார்க்காமலே ஏசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பேகனின் வம்சம் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் கூடத்து ஏசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்குச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று, நேருக்கு நேர். கிழக்கு ஏசியின் சென்சார் காற்றில் ஈரம் அதிகம் என்று சொல்லும். அது காற்றைப் பிழிந்து தண்ணீரைக் குழாயில் விடும். மேற்கு ஏசியின் சென்சார் காற்று வறட்சி என்று சொல்லும். அது தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக விடும். கிழக்கு அதைப் பிழியும். சென்சாரை எத்தனை வருஷமாக யாரும் சரிபார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் சேரும்போதே இரண்டும் சண்டையில் இருந்தன. ஆனால் பட்டினத்தார் காணாத நிலையாமையை அந்தத் தண்ணீரில் கண்டேன். ஒரு சுவரில் பிறந்து மறு சுவரில் மாண்டு, இரவு பகலாக மீண்டும் பிறந்தது.

இவ்வளவும் போதாமல் போனபோது, ஐயா இன்னும் இரண்டு ஏசி வாங்கினார். நூறு பேனல் வாங்க மேலிடத்தில் ஒப்புதல் கிடைக்காது. இரண்டு ஏசி வாங்கக் கிடைக்கும். பேனலுக்கு ரிப்பன் வெட்ட முடியாதல்லவா? பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் வைத்து ஓட்டினோம். எல்லா ஏசியின் விசிறியும் எப்போதும் முழு வேகம். விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் பாதியாகக் குறையும். வேகம் மும்மடி கணக்கில் மின்சாரத்தைத் தின்னும் என்பது விசிறி வைத்திருக்கிற எல்லோரும் நம்பக்கூடிய விதி. நான் ஒரு தடவை சொன்னேன். "முழுசா வாங்கிட்டு எதுக்குப்பா பாதியா ஓட்டணும்?" என்றார். கல்யாணப் பந்தியில் இலை நிறையப் போட்டுத்தான் ஆக வேண்டும், சாப்பிடுகிறவன் எழுந்து போய்விட்டாலும்.

இந்தத் தொழிலில் பி.யு.இ. என்று ஒரு மார்க் உண்டு. கட்டடத்துக்குள் வருகிற மொத்த மின்சாரத்தை, சர்வர்கள் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது. 1 வந்தால் எல்லா மின்சாரமும் சர்வருக்கே போனதாக அர்த்தம். கூகுளின் மையங்கள் சராசரியாக 1.1 அளவில் நிற்கின்றன. அப்டைமின் 2024 கணக்கெடுப்பில் சராசரி 1.56. எங்கள் கூடம் ஒரு கோடையில் 2-ஐத் தொட்டது. கூகுளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மார்க். படிப்பில் நான் வாங்காததை வேலையில் வாங்கினேன்.

வாடிக்கையாளர்கள் சுற்றிப் பார்க்க வரும் நாளில் ஐயாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். தளம் பளபளக்கும். ஏசிகளை நாங்கள் துடைத்து வைத்திருப்போம். நீல விளக்கு எரியும். வந்தவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு, "செம கூலிங் சார்" என்பார்கள். தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து ஔவையார் பாராட்டினாரே, நெய் பூசி, மயில் பீலி சூட்டி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாய் என்று, அந்த மாதிரி. தொண்டைமானும் எங்கள் தொண்டை மண்டலத்துக்காரன்தான். பாராட்டைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளும் வெள்ளை மனசு இந்த மண்ணுக்கு உண்டு.

சென்னையில் குளிருக்கு ஒரு காலத்தில் மதிப்பிருந்தது. ஃப்ரெடரிக் டியூடர் என்கிற அமெரிக்கர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே விற்றார். அதைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டியதுதான் மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஏசிக்கு இத்தனை டன் என்கிறோமே, அதுவும் அந்தக் காலத்து வழக்குதான்: ஒரு நாளில் ஒரு டன் ஐஸ் உருகினால் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவு. டியூடருக்குத் தெரிந்ததெல்லாம் குளிரின்மேல் வெளிக்காற்று படக் கூடாது என்கிற ஒரே வித்தை. எங்கள் ஐயா அன்று இருந்திருந்தால் ஐஸ் ஹவுஸின் கதவுகளைத் திறந்து வைத்து, மெரினாவில் சுண்டல் தின்ன வந்த கூட்டத்துக்கே குளிர் கொடுத்திருப்பார்.

யாராவது செலவைப் பற்றிக் கேட்டால் ஐயா சிங்கப்பூரைக் காட்டுவார். 2023 அக்டோபர் 14 அன்று அங்கே ஒரு டேட்டா சென்டரில் குளிர் போய், டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை முடங்கியது. 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் நின்றன. உண்மைதான். மெஷினை மேம்படுத்தும் வேலையின்போது குளிர்நீர்த் தொட்டியின் வால்வுகளைத் தவறுதலாக மூடிவிட்டார்கள். வால்வு மூடினால் பதினேழும் போகும், இருபத்தேழும் போகும். அதே சிங்கப்பூர், அதே வருஷம் ஜூனில், வெப்பநாட்டு டேட்டா சென்டர்களுக்கென்று ஒரு தரமுறை வெளியிட்டது: கூடத்தை 26 டிகிரிக்கும் மேலே கொண்டுபோகலாம், ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் நூற்றுக்கு 2 முதல் 5 வரை மிச்சம் என்று. ஐயா அக்டோபரைப் படித்தார். ஜூனைப் படிக்க நேரமில்லை. மேலாளர்களுக்கு வேலைப்பளு அதிகம்.

சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்தால், ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் நுழைவேன். பெரியம்மா வீட்டில் இப்போது நாலு விசைத்தறி ஓடுகிறது. மேலே சிமென்ட் ஷீட். ராத்திரி பத்து மணிக்கும் ஷீட்டிலிருந்து அனல் இறங்கும். ஃபேன் போட்டால் பஞ்சு பறந்து நூலில் ஒட்டும் என்று போட மாட்டார்கள். அண்ணன் வெறும் உடம்போடு துண்டைப் பிழிந்து பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பான். விசைத்தறிக்கு அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசமாகத் தருகிறது. 2023-ல்தான் 750-லிருந்து உயர்த்தினார்கள். ஐயா புதிதாக வாங்கிய இரண்டு ஏசிக்கும் விசிறி மோட்டார் தலா ஏழரை கிலோவாட். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 360 யூனிட், வெறும் விசிறிக்கு மட்டும். அண்ணனின் இரண்டு மாதம் ஐயாவின் மூன்று நாளுக்குக்கூட வராது.

"அங்க என்னடா வேலை உனக்கு?" என்று பெரியம்மா ஒரு தடவை கேட்டாள். விளக்கிச் சொன்னேன். வாசல், கொல்லை, ஓட்டை, டைல். கேட்டுவிட்டு, "அந்த ஓட்டைக்கு ஒரு சாக்கு தொங்கவிட்டா என்னடா?" என்றாள்.

ஐயாவைப் பற்றி இவளுக்கு எப்படிப் புரிய வைப்பேன்? சாக்கு போட்டால் குளிர் தேவையான இடத்துக்கு மட்டும் போகும். தேவையான இடத்துக்கு மட்டும் கொடுப்பவனை நாம் வள்ளல் என்றா சொல்கிறோம்?

நான் விலகுவதற்கு ஒரு மாதம் முன்னால், வாடிக்கையாளர் ஒருவரின் ஆடிட்டில் கேட்டார்கள் என்று, இருநூறு பிளாங்கிங் பேனல் வந்து இறங்கியது; கெட்டியான அட்டைப்பெட்டி, நல்ல கனம். கோல்ட் ஐலுக்குக் கதவு போட்டிருந்தார்கள். அது தானாகச் சாத்திக்கொண்டு போக வர இடைஞ்சலாக இருக்கிறது என்று, கதவு மூடாமல் இருக்க அந்தப் பெட்டியை முட்டுக் கொடுத்து வைத்தார் ஐயா. இன்னும் பிரிக்கவில்லை. போன வாரம் செக்யூரிட்டி அண்ணன் போனில் சொன்னார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கெட்டியாக ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். கதவு திறந்தேதான் இருக்கும். பெட்டியில் காலை இடித்துக்கொள்ளாமல் பார்த்து நுழையுங்கள்.